வைத்தியர் ஸன் யாட் ஸென்

சீனக் குடியரசின் பிதாவான ஸன் யாட் ஸென்னைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய மூன்று கொள்கைகளை மேடைகளில் விளக்கியவர்கள் உண்டு. மஞ்சு வம்சத்தை வீழ்த்திய புரட்சியை வர்ணித்தவர்களும் உண்டு. ஆயினும் அவர் பெயருக்கு முன்னால் நாம் வழக்கமாய்ச் சேர்த்துச் சொல்லும் 'டாக்டர்' என்ற சொல்லைச் சற்று நின்று கவனித்தவர்கள் மிகச் சிலரே. ஏதோ ஒரு சர்வகலாசாலை மரியாதைக்காக வழங்கிய பட்டம் என்றே பலர் எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. ஸன் யாட் ஸென் ஐந்து வருஷம் முறையாகப் படித்து, பரீக்ஷையில் முதல் ஸ்தானத்தில் தேறி, கத்தியெடுத்து ரணசிகிச்சை செய்த மெய்யான வைத்தியர். அந்த வைத்தியரைத் தொழில் செய்ய விடாமல் தடுத்தது எது என்பதையே இன்று நமது நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இதை இப்பொழுது சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டு வாலிபர்கள் பலர் வைத்தியப் படிப்பை முடித்துக்கொண்டு கடல் கடந்து செல்கிறார்கள். தாதித் தொழில் கற்ற பெண்மணிகளும் அவ்வாறே செல்கிறார்கள். சென்ற இடத்தில் அவர்கள் பெற்ற பட்டம் செல்லுமா, செல்லாதா என்பதைப் பிறர் தீர்மானிக்கிறார்கள். மறுபடியும் பரீக்ஷை, மறுபடியும் விண்ணப்பம், மாதக் கணக்கில் காத்திருப்பு. மனித உயிரோடு சம்பந்தப்பட்ட தொழிலுக்குச் சோதனை வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கண்டவரெல்லாம் கத்தி எடுக்கலாம் என்று எந்தப் புத்தியுள்ளவனும் சொல்லமாட்டான். ஆனால் அங்கே சோதிக்கப்படுவது கைத்திறனா, அல்லது பத்திரத்தின் அடியிலுள்ள முத்திரை எந்த ராஜாங்கத்தினுடையது என்பதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஸன் யாட் ஸென்னின் வாழ்க்கையில் இந்தக் கேள்வி மிகத் தெளிவாக எழுந்தது.

அவர் 1866-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி, காண்டன் மாகாணத்தில் மக்காவோவுக்குச் சமீபமான சூய்ஹெங் என்ற கிராமத்தில் ஓர் ஏழைக் குடியானவரின் மகனாகப் பிறந்தார். போர்த்துகீசியர் வசமிருந்த மக்காவோவில் அவருடைய தந்தை வாலிபத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். மூத்த சகோதரர் ஸன் மேய் பிழைப்பைத் தேடி ஹவாய்த் தீவுகளுக்குக் கப்பலேறி, அங்கே நிலமும் கால்நடையும் சம்பாதித்து நல்ல நிலைக்கு வந்தார். 1879-ல், பதின்மூன்று வயதுச் சிறுவனான ஸன்னும் தமையனிடம் போய்ச் சேர்ந்தான். ஹோனலூலுவில் ஆங்கிலப் பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை ஆங்கிலமும் அறியாமல் சேர்ந்தவன், மூன்று வருஷத்தில் ஆங்கில இலக்கணத்திற்கு அத்தீவுகளின் அரசர் காலாகாவாவின் கையாலேயே பரிசு பெற்றான்.

தம்பி கிறிஸ்தவனாகிவிடுவானோ என்று அஞ்சிய தமையன் 1883-ல் அவனை ஊருக்கு அனுப்பிவைத்தார். ஊருக்கு வந்த பையன் கிராமக் கோயிலின் விக்கிரகத்தைச் சேதப்படுத்திவிட்டான். ஊரார் கொதித்தெழுந்தார்கள், அங்கே அவனுக்கு இருப்பு இல்லாமற்போயிற்று. பிறர் வணங்கும் பொருளைச் சிதைப்பது வீரமென்று நாம் கருதவில்லை. ஆயினும் அந்தச் செய்கையின் பலனாகவே அவர் ஹாங்காங் போய்ச் சேர்ந்தார் என்பதால் குறிப்பிட்டோம். அங்கே ஞானஸ்நானமும் பெற்றார். தமையன் அஞ்சியது நடந்தேவிட்டது.

1886-ல் காண்டன் நகரத்தில் அமெரிக்க டாக்டர் கெர் நடத்திய ஆஸ்பத்திரியில் வைத்தியம் கற்கத் தொடங்கினார். அடுத்த வருஷமே ஹாங்காங்கில் சீனர்களுக்கென ஒரு வைத்தியக் கலாசாலை திறக்கப்பட்டதும் அங்கே மாறிக்கொண்டார். இந்தக் கலாசாலை உண்டான விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

ஹோ கை என்ற சீனர் ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகரத்தில் வைத்தியப் பட்டம் பெற்று, பின்பு லண்டனில் சட்டமும் படித்து ஹாங்காங் திரும்பினார். மேனாட்டு வைத்தியத்திற்குச் சீன ஜனங்கள் பணங்கொடுத்து வருவதாயில்லை. ஆகையால் வைத்தியத்தை விட்டு நியாயவாதியானார். அவருடைய ஆங்கில மனைவி ஆலிஸ் 1884-ல் காலஞ்சென்றார். அந்த அம்மையாரின் ஞாபகார்த்தமாக ஹோ கை பணம் கொடுக்க, லண்டன் மிஷனாரின் மேற்பார்வையில் 1887-ல் ஆலிஸ் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. அதே வருஷம் அதனோடு இணைந்து எழுந்ததே சீனர்களுக்கான வைத்தியக் கலாசாலை. பாட்ரிக் மான்ஸன் அதன் முதல் தலைவர். ஜேம்ஸ் காண்ட்லி அவருக்கு உறுதுணை. பின்னர் தலைமையும் அவரிடமே வந்தது. இருவரும் ஸ்காட்லாந்துக்காரர்கள், சம்பளம் வாங்காமல் பாடம் சொன்னார்கள். கலாசாலையின் கௌரவப் போஷகராயிருக்கச் சீன சாம்ராஜ்யத்தின் மிகப் பெரிய ராஜதந்திரியான லி ஹுங் சாங் சம்மதித்தார். இந்த மூன்று பெயர்களையும் நேயர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். மூவரும் இக்கதையில் மறுபடியும் வருவார்கள்.

ஐந்து வருஷம் ஸன் அங்கே படித்தார். பகலில் உடற்கூறும் ரஸாயனமும். மாலையில் ராஜீய விவாதம். அவரும் நண்பர் மூவரும் மஞ்சு அரசாங்கத்தைக் கவிழ்ப்பது பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபடியால், தெரிந்தவர்கள் அவர்களுக்கு நாலு பெருங்கொள்ளைக்காரர் என்று வேடிக்கையாகப் பெயர் சூட்டினார்கள். பேச்சு படிப்பைக் கெடுக்கவில்லை. 1892-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கலாசாலையின் முதல் பட்டதாரிகளாக இருவர் தேறினர். அவர்களுள் முதல்வர் ஸன் யாட் ஸென்.

பட்டம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பிரிட்டனிலுள்ள ஜெனரல் மெடிகல் கௌன்ஸில் அந்தக் கலாசாலையின் பத்திரத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே ஹாங்காங் ஸர்க்காரின் வைத்தியர் பதிவேட்டில் அவருக்கு இடமில்லை. பிரிட்டிஷ் ஆசிரியர்கள், பிரிட்டிஷ் பாடப் புத்தகங்கள், ஆங்கில மொழியிலேயே பரீக்ஷை, அதுவும் பிரிட்டிஷ் கொடி பறக்கும் ஊரில். இவ்வளவும் இருந்தும் அந்த ஊரிலேயே அவர் பதிவு பெற்ற வைத்தியரல்லர்! சீன முறைப்படி நாடி பார்த்து மூலிகை கொடுப்பவர்களைச் சட்டம் தொடவில்லை. மேனாட்டு முறையைக் கசடறக் கற்ற சீனருக்குத்தான் வழியடைத்து நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்பிட்டுப் பார்க்காமல் மேலே செல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆசிரியர் மான்ஸன் ஹாங்காங் வருமுன் பல வருஷம் சீனத்தின் ஆமாய் துறைமுகத்தில் வைத்தியராயிருந்தவர். யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-ல் அவர் கண்டறிந்தது அங்கேதான். அவர் மகா மேதாவி, அதில் சந்தேகமில்லை. அவர் சீனாவில் தொழில் நடத்தச் சீன ராஜாங்கத்தின் பரீக்ஷை எதையும் எழுதவேண்டியிருந்ததா? இல்லை. அபினி யுத்தத்திற்குப் பிறகு செய்துகொண்ட உடன்படிக்கைகளின்படி ஆங்கிலேயர் சீன மண்ணில் இருந்தாலும் சீனச் சட்டத்திற்கு உட்பட்டவரல்லர். ஆங்கில வைத்தியர் சீனாவில் எங்கு வேண்டுமானாலும் துறைமுகங்களில் அமர்ந்து வைத்தியம் செய்யலாம். அவரே கற்பித்த சீன மாணவர் மட்டும் சீனாவிலிருந்து ஆங்கிலேயர் எடுத்துக்கொண்ட தீவில் வைத்தியம் செய்யலாகாது. பத்திரத்தின் மதிப்பைப் பீரங்கி நிர்ணயித்த காலம் அது.

ஹாங்காங்கில் வழி அடைபட்டதும் ஸன் 1892-ல் மக்காவோ சென்றார். அங்கே 1871-ல் சீன வியாபாரிகள் தருமமாக ஸ்தாபித்த கியாங் வூ ஆஸ்பத்திரி இருந்தது. அதுவரை அங்கே சீன வைத்தியம் மட்டுமே நடந்துவந்தது. நிர்வாகிகள் விசால புத்தியுள்ளவர்கள். மேனாட்டு முறையையும் கொண்டுவர இசைந்தார்கள். ஸன் அங்கே ஊதியம் பெறாமல் பணி செய்தார். சொந்தமாக ஓர் ஔஷதசாலை வைக்க ஆஸ்பத்திரியாரே அவருக்குக் கடனும் கொடுத்து உதவினார்கள். சீன மருந்தும் மேனாட்டு மருந்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்குமாறு அமைந்த கடை அது. பெயரும் அப்படியே சீன-மேனாட்டு ஔஷதசாலை என்று வைக்கப்பட்டது.

அவருடைய தினசரி ஒழுங்கை 1893-ல் மக்காவோப் பிரமுகர்கள் சிலர் பத்திரிகையில் விளம்பரமாக வெளியிட்டார்கள். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை கியாங் வூ ஆஸ்பத்திரியில் ஏழைகளுக்குக் காசில்லாமல் சிகிச்சை. பகல் ஒரு மணி முதல் மூன்று மணி வரை தமது இடத்தில் நோயாளிகளைப் பார்ப்பது. மூன்று மணிக்குமேல் வீடுகளுக்குச் சென்று பார்ப்பது. தொழில் தொடங்கும் இளம் வைத்தியர் நாளின் முதல் இரண்டு மணியைக் கூலியில்லாத வேலைக்கு ஒதுக்கியிருக்கிறார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். விளம்பரம் வந்த பத்திரிகையை நடத்தியவர் பிரான்ஸிஸ்கோ பெர்னாண்டெஸ் என்ற மக்காவோப் போர்த்துகீசியர். ஸன்னின் ஆப்த நண்பர். போர்த்துகீசியர் எல்லோருமே அவருக்கு விரோதிகளாயிருந்தார்கள் என்று யாரும் எண்ண வேண்டாம்.

பெரிய ரணசிகிச்சை செய்யவேண்டி வந்தபோதெல்லாம் ஹாங்காங்கிலிருந்து குரு காண்ட்லி கப்பலேறி வந்தார். சுமார் நாற்பது மைல் கடற்பிரயாணம். குரு கத்தி பிடிக்க, சிஷ்யர் அருகில் நின்று பார்ப்பதுதான் வழக்கம் என்று நாம் அறிவோம். மக்காவோவில் நேர்மாறாக நடந்தது. சிஷ்யர் கத்தி பிடித்தார். குரு பக்கத்தில் நின்று உதவினார். அந்தச் சிஷ்யரின் மீது தமக்கிருந்த அன்பையும் மதிப்பையும் காண்ட்லி பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதிய நூலில் வெளிப்படையாகவே கூறியிருக்கிறார்.

நோயாளிகள் திரண்டு வந்தார்கள். அதுவே வினையாயிற்று. போர்த்துகல் தேசத்துப் பட்டம் இல்லாதவர் மக்காவோவில் வைத்தியம் செய்யலாகாது என்று ஒரு சட்டம் இருந்தது. சீனர்களிடையே சீனர் செய்யும் வைத்தியத்தை அதுவரை எவரும் பொருட்படுத்தவில்லை. மூலிகை வைத்தியரால் போர்த்துகீசிய டாக்டருக்கு என்ன நஷ்டம்? ஆனால் அவர்களுடைய முறையிலேயே அவர்களைவிட நன்றாகச் சிகிச்சை செய்யும் சீனர் ஒருவர் வந்து, வசதியுள்ள குடும்பங்களும் அவரைத் தேடிப் போகத் தொடங்கியவுடன் தூங்கிக்கொண்டிருந்த சட்டம் விழித்துக்கொண்டது. முதலில் போர்த்துகீசியருக்கு அவர் சிகிச்சை செய்யலாகாது என்று உத்தரவு. பிறகு அந்நிய வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டுக்கு மருந்து கொடுக்கும் கடைகளுக்குத் தண்டனை. சீட்டு எழுதலாம்; மருந்து கிடைக்காது என்ற நிலை வந்தது. வைத்தியரின் கையைக் கட்டாமலே அவர் தொழிலைக் கட்டிவிடுகிற உபாயம் இது. போட்ட முதலையும் இழந்து 1893-ல் அவர் மக்காவோவைவிட்டு வெளியேறினார். லண்டனில் 1897-ல் வெளியான தமது நூலில் இந்தச் சம்பவங்களை அவரே விவரித்திருக்கிறார்.

அவர் நோயாளிகளைக் கொன்றாரா? சிகிச்சையில் தவறு செய்தாரா? அப்படிப்பட்ட குற்றச்சாட்டு எதுவும் அவர்மீது எழவில்லை. லிஸ்பன் நகரத்து முத்திரை அவருடைய பத்திரத்தில் இல்லை, குற்றம் அவ்வளவே. தந்தை செருப்புத் தைக்க வந்தபோது மக்காவோ அவரிடம் எந்தப் பத்திரத்தையும் கேட்கவில்லை. அந்நியன் கூலி வேலை செய்ய வந்தால் வாசல் திறந்திருக்கும். வித்தையுடன் வந்தால்தான் காவற்காரன் எழுந்து நிற்பான்.

இதை அயலூர்க் கதை என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. 1930-ல் அதே ஜெனரல் மெடிகல் கௌன்ஸில் இந்திய சர்வகலாசாலைகளின் வைத்தியப் பட்டங்களுக்கு அளித்துவந்த அங்கீகாரத்தை நீக்கியது. அதன் விளைவாகவே 1933-ல் இந்திய மெடிகல் கௌன்ஸில் சட்டம் பிறந்தது. அப்படிப் பிறந்த நமது கௌன்ஸிலாவது நியாயமாக நடந்துகொண்டதா? ஜில்லாக்களில் ஏழை ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்துவந்த எல்.எம்.பி. வைத்தியர்கள் அந்தச் சட்டத்தின் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. வெள்ளையன் நமக்குச் செய்ததை நாம் நம்மவருக்குச் செய்தோம். இதையும் சொல்லித்தான் தீரவேண்டும். பிரிட்டன் 1948-ல் தேசிய ஆரோக்கிய சேவையை ஆரம்பித்தபின் ஆள் போதாமல் தவித்தபோது, ஆயிரக்கணக்கான இந்திய வைத்தியர்களின் பட்டங்கள் அங்கே தாராளமாகச் செல்லுபடியாயின என்பதும் சரித்திரம்.

மக்காவோவில் விரட்டியிராவிட்டால் ஸன் புரட்சிக்காரராகியிருக்க மாட்டார் என்று சிலர் எழுதுகிறார்கள். இந்த அபிப்பிராயத்தை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. 1885-ல் சீனா பிரான்ஸிடம் தோற்ற காலத்திலேயே தம் மனம் திரும்பிவிட்டதாக அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நாலு கொள்ளைக்காரர் என்ற பெயரும் பட்டம் வாங்குமுன்னே கிடைத்ததுதான். ஆனால் வைத்தியமும் செய்துகொண்டு தேச காரியமும் பார்க்கலாம் என்றிருந்த வழி மக்காவோவோடு முடிந்தது. காண்டன் நகரத்தில் அவர் மறுபடியும் ஔஷதசாலை வைத்தார்; வைத்தியமும் செய்தார். ஆயினும் அந்தக் கடை வரவரச் சதியாலோசனைக்கு மறைவிடமாக மாறிவந்தது.

ஒரே ஒரு முறை சமாதான வழியைப் பரீக்ஷித்துப் பார்த்தார். 1894-ல் விவசாயம், கல்வி, வியாபாரம் ஆகியவற்றில் செய்யவேண்டிய சீர்திருத்தங்களை விளக்கி நீண்டதோர் விண்ணப்பம் எழுதிக்கொண்டு, கலாசாலையின் போஷகராயிருந்த லி ஹுங் சாங்கைக் காண வடக்கே டியன்ட்ஸின் போனார். ஜப்பானுடன் யுத்தம் மூண்ட சமயம். அந்தப் பிரபு அவரைப் பார்க்கவில்லை. அவ்வருஷம் நவம்பரில் ஹோனலூலுவில் சீன மறுமலர்ச்சிச் சங்கம் பிறந்தது. 1895-ல் காண்டனில் கிளர்ச்சி செய்யப் போட்ட திட்டம் வெளியாகிவிட்டது. இளமைத் தோழர் லூ ஹாவ் டுங் பிடிபட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஸன் தப்பியோடினார். ஹாங்காங் ஸர்க்கார் 1896-ல் அவர் ஐந்து வருஷம் அங்கே காலடி வைக்கலாகாதென்று உத்தரவிட்டது. பதிவேட்டில் இடமில்லாத ஊரில் இப்பொழுது நிற்கவும் இடமில்லை.

ஜப்பானில் பின்னல் சடையை வெட்டியெறிந்து, மீசை வளர்த்து, மேனாட்டு உடை தரித்து அவர் ஹவாய் சென்றார். தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்த காண்ட்லியை ஹோனலூலுத் தெருவில் தற்செயலாகச் சந்தித்தார். குருவுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. லண்டனுக்கு வந்தால் வீட்டிற்கு வரவேண்டும் என்று காண்ட்லி அழைத்தார். அந்த அழைப்பே பின்னர் அவர் உயிரைக் காத்தது.

1896 அக்டோபர் முதல் தேதி ஸன் லண்டன் சேர்ந்தார். காண்ட்லியின் வீட்டிற்கு மிக அருகில், போர்ட்லண்ட் பிளேஸ் என்ற வீதியில், சீன ஸ்தானிகராலயம் இருந்தது. அந்தப் பக்கம் போகாதே என்று மான்ஸன் எச்சரித்தார். 11-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை, காண்ட்லியின் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்த ஸன்னிடம் சீனர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். பின்னர் வேறு சிலரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்தானிகராலயத்தின் கதவு திறந்தது, அவர் உள்ளே தள்ளப்பட்டார், கதவு சாத்தப்பட்டது. அவர் தம் நூலில் சொல்லியிருப்பது இது. தாமே உள்ளே சென்றார் என்று ஸ்தானிகராலயத்தார் சாதித்தார்கள். எப்படிச் சென்றிருந்தாலும், வெளியே வரவிடாமல் மேல்மாடி அறையில் அடைத்துவைத்தது அவர்கள்தானே? கப்பலை வாடகைக்கு அமர்த்தி ரகசியமாகச் சீனா கொண்டுபோய்த் தலையை வாங்குவதே ஏற்பாடு.

அவரைச் சிறைவைத்த ஏற்பாட்டிற்குப் பின்னால் இருந்த ஆங்கில ஆலோசகரின் பெயர் ஸர் ஹாலிடே மக்கார்ட்னி. இவர் யார்? இவரும் ஒரு வைத்தியர்! எடின்பரோ சர்வகலாசாலையில் பட்டம் பெற்று, பிரிட்டிஷ் பட்டாளத்து டாக்டராகச் சீனா வந்து, அந்த உத்தியோகத்தைத் துறந்து லி ஹுங் சாங்கிடம் வேலைக்கு அமர்ந்து, அவருக்காக நாங்கிங்கில் ஆயுதசாலை நடத்தியவர். வைத்தியப் பட்டத்துடன் சென்ற ஆங்கிலேயர் பீரங்கி வார்க்கலாம், ராஜதந்திரியாகலாம். சீன அரசு ஒன்றும் கேட்கவில்லை. லண்டனில் அந்த வாரம் நடந்த போராட்டத்தில் சிறைப்பட்டவர் வைத்தியர், சிறைவைத்தவர் வைத்தியர், மீட்கப் புறப்பட்டவர் இருவரும் வைத்தியர்கள். இப்படியொரு நிகழ்ச்சியைக் கற்பனைக் கதையில் எழுதினால் நம்புவோர் இரார்.

ஸன் காகிதத்துண்டுகளில் செய்தி எழுதி, நாணயத்தில் சுற்றி ஜன்னல் வழியாக எறிந்து பார்த்தார், பயனில்லை. கடைசியில் அறைக்குக் கரி கொண்டுவரும் ஆங்கில வேலையாள் ஜார்ஜ் கோல் என்பவரிடம் மன்றாடினார். கோல் தயங்கினார். அந்த வீட்டுக் காரியங்களைக் கவனித்துவந்த ஹோ என்ற அம்மையார்தான் முதலில் துணிந்தவர். 17-ந் தேதி சனிக்கிழமை நள்ளிரவை ஒட்டி, பெயர் எழுதாத ஒரு கடிதத்தை காண்ட்லியின் வாசலில் போட்டு, மணியை அடித்துவிட்டு மறைந்தார். வேலை போய்விடும் என்று தெரிந்தும் இதைச் செய்த அந்த ஏழை ஸ்திரீயைச் சீன சரித்திரம் மறக்கலாகாது.

காண்ட்லி அந்த இரவே புறப்பட்டார். ஸ்காட்லண்டு யார்டு போலீசார் அவர் சொன்னதை நம்பவில்லை. குடித்தவனோ பித்தனோ என்பதுபோல நடத்தினார்கள். மறுநாள் மான்ஸன் சேர்ந்துகொண்டார். அவர் நேரே ஸ்தானிகராலயத்திற்குச் சென்று கேட்க, அப்படிப்பட்ட ஆள் அங்கே இல்லவே இல்லை என்று சாதித்தார்கள். வெளிநாட்டிலாகாவிற்கு ஓடினார்கள், பத்திரிகை ஆபீசுக்கு ஓடினார்கள், காண்ட்லி தாமே இரவில் தெருவில் காவல் நின்றார். நியாயஸ்தலத்தில் ஆட்கொணர்வு மனு செய்து பார்த்தார்கள். நீதிபதி தலையிட மறுத்தார். 22-ந் தேதி 'குளோப்' என்ற மாலைப் பத்திரிகை விஷயத்தை வெளியிட்டது. லண்டன் ஜனங்கள் ஸ்தானிகராலயத்தின் முன் கூடிவிட்டார்கள். பிரதம மந்திரி ஸாலிஸ்பரி பிரபு கைதியை உடனே விடவேண்டுமென்று கண்டிப்பாக அறிவித்தார். 23-ந் தேதி மாலை, பன்னிரண்டு நாள் சிறைக்குப் பின், ஸன் யாட் ஸென் வெளியே வந்தார். உள்ளே போனபோது அவரைச் சிலரே அறிவர். வெளியே வந்தபோது உலகமே அறிந்திருந்தது.

அவரைத் தொழில் செய்ய விடாத அதே சாம்ராஜ்யத்தின் பிரஜைகள் இருவர், ஊண் உறக்கமின்றி அவர் உயிரை மீட்டார்கள். ராஜாங்கம் வேறு, மனிதர் வேறு என்று நாம் அடிக்கடி சொல்வதுண்டு. இந்தச் சம்பவத்தைப் படித்தபின் அதை இன்னும் உறுதியாகச் சொல்லுகிறோம். குரு-சிஷ்ய பாவம் நமது தேசத்திற்கே உரியது என்று பெருமை பேசுவோரும் இந்தக் கதையைக் கேட்கவேண்டும்.

விடுதலையடைந்தபின் சுமார் எட்டு மாதம் ஸன் லண்டனில் தங்கினார். பிரிட்டிஷ் மியூஸியத்துப் புஸ்தகசாலையில் அவர் படித்த ராஜீய நூல்களைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த நாட்களில் அவர் செய்த மற்றொரு வேலையை அதிகமாக யாரும் சொல்வதில்லை. விபத்தில் அடிபட்டோருக்கு உடனே செய்யவேண்டிய முதல் உதவியைப் பற்றி ஆஸ்பார்ன் என்ற ஆங்கில டாக்டர் எழுதிய கைப்புத்தகத்தைச் சீன மொழியில் பெயர்த்து 1897-ல் லண்டனிலேயே அச்சிட்டார். ரத்தப் பெருக்கை எப்படி நிறுத்துவது, முறிந்த எலும்பை எப்படிக் கட்டுவது, நீரில் மூழ்கியவனுக்கு எப்படி மூச்சு வரச் செய்வது என்று தம் ஜனங்களுக்குத் தெரியவேண்டும் என்று நினைத்தார். தலைக்கு விலை குறிக்கப்பட்டவர் செய்த வேலை இது. வைத்தியராக அவர் செய்த கடைசிப் பெருங்காரியம் என்றும் இதைச் சொல்லலாம்.

பின்னர் பதினான்கு வருஷம் ஊர் ஊராக அலைச்சல். ஜப்பான், ஸிங்கப்பூர், பினாங்கு, அமெரிக்கா. அமெரிக்காவிலோ 1882 முதல் சீனரைத் தடுக்கும் சட்டம் அமலில் இருந்தது. ஆகவே 1904-ல் தாம் ஹவாய்த் தீவில் பிறந்தவரென்று பொய்யானதோர் ஜனன சாஸனம் பெற்று, அதைக் காட்டி உள்ளே நுழைந்தார். பொய் சாஸனத்தை நாம் ஆதரிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். ஆனால் உழைத்துப் பெற்ற உண்மையான பத்திரம் எங்கும் செல்லவில்லை. பொய்ப் பத்திரம் வாசலைத் திறந்தது.

1911 அக்டோபரில் வூசாங் நகரத்தில் புரட்சி வெடித்தபோது அவர் அமெரிக்காவில் இருந்தார். செய்தியைப் பத்திரிகையில் பார்த்தே தெரிந்துகொண்டார். 1912 ஜனவரி முதல் தேதி நாங்கிங்கில் தற்காலிக ஜனாதிபதியாகப் பிரமாணம் செய்தார். மூன்று மாதத்திற்குள் தேச ஒற்றுமையை உத்தேசித்துப் பதவியை யுவான் ஷி காயிடம் விட்டுக்கொடுத்தார். அந்த விட்டுக்கொடுத்தல் பெரும் பிழையாக முடிந்தது என்பதே நமது அபிப்பிராயம். அதன்பின் நடந்த உள்நாட்டுக் குழப்பங்களும், காண்டனில் அவர் அமைத்த அரசாங்கமும், ரஷ்யாவுடன் செய்துகொண்ட உறவும் தனியே எழுதத்தக்கவை.

1923 பிப்ரவரியில் ஹாங்காங் சர்வகலாசாலையில் மாணவர்களிடையே பேசும்படி அவரை அழைத்தார்கள். அவர் படித்த வைத்தியக் கலாசாலை அதற்குள் அந்தச் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதியாகிவிட்டிருந்தது. மாணவர்கள் அவரை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்கள். புரட்சி எண்ணங்களை எங்கே பெற்றீர் என்று பலர் கேட்கிறார்கள், அவற்றை இந்த ஹாங்காங்கிலேயே பெற்றேன் என்ற கருத்தில் அவர் பேசினார். தாய் வீட்டிற்கு வந்ததுபோல் உணர்வதாகவும் சொன்னார். பழைய மனக்கசப்பு எதையும் அவர் காட்டவில்லை.

இரண்டு வருஷத்தில் முடிவு வந்தது. தேச ஐக்கியத்தைப் பற்றி வட சீனத் தலைவர்களுடன் பேசப் பீகிங் சென்றவர், அங்கே நோயில் வீழ்ந்தார். 1925 ஜனவரி 26-ந் தேதி பீகிங் யூனியன் வைத்தியக் கலாசாலையின் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். ஈரல் முழுதும் புற்றுநோய் பரவியிருந்தது. ரேடியம் சிகிச்சையும் பலிக்கவில்லை. தம் நிலை இன்னதென்று அறிய அவருக்குப் பிறர் விளக்கம் வேண்டியிருக்கவில்லை, தாமே வைத்தியரல்லவா? அன்பர்கள் சீன வைத்தியத்தையும் பார்க்கலாம் என்று வற்புறுத்தினார்கள். மேனாட்டு ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டு மூலிகை மருந்து சாப்பிடுவது அந்த ஆஸ்பத்திரியின் விதிக்கு விரோதம். ஆகவே பிப்ரவரி 18-ந் தேதி அவரை ஒரு நண்பரின் மாளிகைக்கு மாற்றி, சீன வைத்தியர் ஒருவரைக் கொண்டு சிகிச்சை செய்வித்தார்கள். மார்ச் 12-ந் தேதி காலை உயிர் பிரிந்தது. வயது ஐம்பத்தெட்டு. பித்தப்பையில் தோன்றிய புற்றே ஈரலுக்குப் பரவியது என்பது பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளில் பதிவாகியிருந்தும், வெகு காலம் கழித்து 2016-ல் வைத்திய ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியான பின்னரே உலகத்தார் அதை அறிந்தார்கள்.

மக்காவோ 1999-ல் சீனாவின் வசம் திரும்பியது. கியாங் வூ ஆஸ்பத்திரி இன்றும் நடந்துவருகிறது. ஸன் ஔஷதசாலை வைத்திருந்த பழைய கடைக் கட்டடத்தை மக்காவோ ஸர்க்கார் விலைக்கு வாங்கிப் பழுது பார்த்து, 2016 முதல் ஜனங்கள் பார்வையிடத் திறந்துவைத்திருக்கிறது.